மூன்று நிரல்கள்: மலாயாவின் இரைப்பை நோய்க் கணக்கும் தோட்ட வரலாறும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரைப்பை நோய்கள் பற்றி வெளிவந்துள்ள மருத்துவ ஆய்வுரைகளைப் புரட்டுவோர், அவற்றின் அட்டவணைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பினவாக இருத்தலைக் காண்பர். நோயாளர் மூன்று நிரல்களிலே நிறுத்தப்பட்டிருப்பர்: மலாயர், சீனர், இந்தியர். இந்நிரல்கள் தரும் செய்தி வியப்புக்குரியது. இரைப்பையில் வாழும் ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியாவின் தொற்று இந்தியரிடையே மிகுதி, சீனரிடையேயும் மிகுதி, மலாயரிடையே குறைவு. ஆனால் இரைப்பைப் புற்றுநோயும், அதற்கு முன்னோடியாக இரைப்பைச் சுவரில் நிகழும் மாற்றங்களும் சீனரிடையேதான் முதலிடம் பெறுகின்றன. இந்தியர் அவர்களுக்குக் கீழே நிற்கின்றனர். மலாயர் இக்கணக்கிலும் கடைசியிலேயே உள்ளனர். தொற்று ஒரு வரிசையைக் காட்ட, புற்றுநோய் வேறொரு வரிசையைக் காட்டுகிறது. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையேயுள்ள இந்த இசைவின்மையை மருத்துவ எழுத்துக்கள் 'இந்தியப் புதிர்' என்று வழங்குகின்றன.

இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் இரைப்பையின் சங்கதியில் தலையிடுவதேன் என்று வாசகர் வினவலாம். மருத்துவர் தரும் எண்களை மறுக்கும் தகுதி நமக்கில்லை. அது நமது நோக்கமும் அன்று. அவ்வெண்களுக்கு மேலே எழுதப்பட்டிருக்கும் மூன்று சொற்களே நமது கவனத்துக்குரியன. 'இந்தியர்' என்ற சொல் ஓர் உயிரியற் காரணத்தைக் குறிக்கிறதா, அன்றி ஒரு வரலாற்றைச் சுருக்கி மறைக்கிறதா? சொற்கள் எவ்வாறு உண்டாயின, யாருக்குப் பயன்பட்டன என்று ஆராய்வது நமது துறைக்கு உரிய வேலை.

முதலில் நோயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1979 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன் என்னும் நோயியலாளர், இரைப்பைச் சுவரிலிருந்து எடுத்த இழையத் துண்டுகளில் வளைந்த பற்றீரியாக்கள் இருப்பதை அவதானித்தார். 1982 இல் அவரும் பரி மார்ஷலும் அதனை வளர்ப்புத் தட்டில் வளர்த்தெடுத்தனர். அமிலம் நிறைந்த இரைப்பையில் பற்றீரியா வாழாது என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் இதனை இலகுவில் ஏற்கவில்லை. 1984 இல் மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீர்மத்தைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 1994 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இத்தொற்றினைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை இரைப்பைப் புண்ணுக்கு மனவழுத்தமும் காரமான உணவுமே காரணமெனப் பெரிதும் கருதப்பட்டு வந்தன. பல தலைமுறைகளாக நமது மிளகாய் செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நின்றது.

பற்றீரியா கண்டறியப்படுவதற்கு முன்னரே, 1975 இல், பெலயோ கொறெயா என்னும் கொலம்பிய நாட்டு நோயியலாளரும் அவரோடு பணியாற்றியோரும் புற்றுநோய்க்கு இட்டுச்செல்லும் படிமுறையை வகுத்திருந்தனர். நீடித்த அழற்சியால் இரைப்பையின் சுரப்பிகள் நலிவடையும். பின்னர் இரைப்பைக் கலங்கள் குடற்கலங்களின் உருவை ஏற்கும். அதன்பின் கலங்களின் வளர்ச்சி ஒழுங்கு குலையும். இறுதியிற் புற்றுத் தோன்றும். இப்படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். தொற்றுக்கு ஆளானோருள் மிகச் சிலரே இறுதிப்படியை அடைவர். ஆனால் தொற்று ஏற்படுவதோ பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். வீட்டுக்குள்ளே, தாயிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும், நெருக்கமான வாழ்விடத்தின் வழியாகவும் சுகாதாரமற்ற நீரின் வழியாகவும் அது பரவுகிறது. ஆகவே அறுபது வயதினர் ஒருவரின் இரைப்பைச் சுவரில் மருத்துவர் காண்பது, அவர் ஐந்து வயதில் எத்தகைய அறையில் யாரோடு உறங்கினார் என்பதன் தடயத்தையே. 1992 இல் இலண்டனில் மென்டோலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. குழந்தைப் பருவ வீட்டின் நெருக்கடி, அவ்வீட்டில் நிலையான வெந்நீர் வசதி இன்மை ஆகியன முதிர்ந்த வயதிலே காணப்படும் தொற்றோடு நெருங்கிய தொடர்புடையன என அவர்கள் கண்டனர்.

மலேசிய எண்களைப் பார்ப்போம். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ கியன் லீ, பரசக்தி ஆகியோர் 2001 இல் வெளியிட்ட குருதி ஆய்வு நாட்டின் பல பகுதிகளைத் தழுவியது. அதன்படி தொற்றுக்கு ஆளாகியிருந்தோர் மலாயருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 முதல் 29 வரையினர்; சீனருள் 27 முதல் 57 வரையினர்; இந்தியருள் 49 முதல் 52 வரையினர். மலாயருக்கும் சீனருக்கும் உரிய எண்கள் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபட, இந்தியருக்குரிய எண் ஏறக்குறைய அசையாது நிற்றல் கவனிக்கத்தக்கது. எங்கு வாழினும் ஒரேவகை வாழ்விடத்திலிருந்து வந்த ஒரு கூட்டத்தினரை இது நினைவூட்டுகிறது.

இவ்வெண்களை விளக்க இரு எளிய வழிகள் உள. ஒன்று, இரத்தத்திற் காரணம் தேடுவது. இன்ன இனத்தார் இயல்பிலேயே இன்ன நோய்க்கு உரியவர் என்னும் இக்கூற்றுக்கு ஐரோப்பிய ஏகாதிபத்தியத்தின் வயதுண்டு. மற்றது, வறுமை என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடுவது. நம் போன்ற முற்போக்காளருக்கு இவ்விரண்டாவது வழியே இலகுவானது. ஆனால் கிளந்தான் அதனை அனுமதிப்பதாக இல்லை.

தீபகற்பத்தின் வடகிழக்கே உள்ள கிளந்தான் மாநிலம் மலேசியாவின் வறிய மாநிலங்களுள் ஒன்று. அங்குள்ள கிராமத்து மலாயர் நெடுங்காலம் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தவர்கள். நெருப்புக்காய்ச்சல் அங்கு விடாது தொடர்ந்து வந்த ஒரு நோய். வறுமையும் சுகாதாரக் குறைவும் போதுமான காரணங்களாயின், கிளந்தான் மலாயரின் இரைப்பைகளில் இப்பற்றீரியா நிறைந்திருக்கவேண்டும். ஆனால் 1994 இல் வெளிவந்த ஆய்வு அங்கு தொற்று வழமைக்கு மாறாக மிகக் குறைவு என்று காட்டியது. உலகிலேயே மிகக் குறைந்த அளவினவற்றுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. இதற்கு உணவு, பழக்கவழக்கம் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. அவற்றுள் எதுவும் வரலாற்றைப் போல நமக்கு மனநிறைவு தரவில்லை. வறுமை நிலத்தைப் பண்படுத்தலாம். விதை வந்து சேர்ந்தாலன்றிப் பயிர் இல்லை. மேற்குக் கரையில் ஈயச் சுரங்கங்களும் றப்பர்த் தோட்டங்களும் பெருந்தொகையான சீனரையும் தமிழரையும் கொண்டுவந்து குவித்த காலத்தில், கிளந்தான் அப்பொருளாதாரத்தின் ஓரத்திலேயே இருந்தது. வறுமையைக் கணக்கிடுபவர், அது எந்த உற்பத்தி முறையின் வறுமை என்பதையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும். தன் நிலத்தில் நெல் விளைத்த குடியானவனின் வறுமையும் லயத்து அறையில் வாழ்ந்த கூலித் தொழிலாளியின் வறுமையும் ஒன்றல்ல.

இனி அம்மூன்று நிரல்கள் தோன்றிய வகையை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட முதற் குடிசன மதிப்புக்களிலே பெருந்தொகையான பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையிலே நிரல்படுத்தப்பட்டிருந்தன. 1891 இல் அவை சில பெருந் தலைப்புக்களின் கீழ் அடக்கப்பட்டன. அங்கு 'தமிழரும் பிற இந்திய நாட்டினரும்' என்றொரு தலைப்பு இடம்பெற்றது. 'இனம்' என்ற சொல் அதிகாரபூர்வமான தலைப்பாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1911 மதிப்பினை ஒட்டியே. சாள்ஸ் ஹேர்ஷ்மன் 1987 இல் எழுதிய ஆய்வு இம்மாற்றத்தை விரிவாகத் தந்துள்ளது. றப்பர் முதலீடு பெருகிய காலமும் இதுவே என்பது தற்செயலன்று. கூலி ஆட்களை வகைப்படுத்தி, வகைக்கொரு கூலியும் வகைக்கொரு இருப்பிடமும் வகுத்த நிருவாகத்துக்கு இத்தலைப்புக்கள் தேவைப்பட்டன. தமிழ்த் தொழிலாளருக்கு 'நியமக் கூலி' ஒன்று வரையறுக்கப்பட்டது; சீனத் தொழிலாளர் ஒப்பந்தக்காரர் வழியாகக் கூடுதலாகப் பெற்றனர். 1913 ஆம் ஆண்டின் மலாயர் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாயரை நெல்லோடும் கிராமத்தோடும் பிணைத்தது. குடியேற்ற முதலாளித்துவத்துக்கு வசப்படாத மலாயக் குடியானவன் 'சோம்பேறி' எனப்பட்டான். அப்புனைவின் வர்க்க அடிப்படையை 1977 இல் சையத் ஹுசெயின் அலாத்தாஸ் தமது நூலில் அம்பலப்படுத்தினார்.

தமிழரின் வருகையும் நிருவாகத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டதே. 1907 இல் தமிழர் குடிவரவு நிதி நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி அறவிட்டு, அதிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. கங்காணிகள் ஊர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். 1938 இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இது நீடித்தது. வந்தவர்கள் லயங்களில் அடைக்கப்பட்டனர். வரிசையாக ஒட்டிக் கட்டிய, ஏறத்தாழப் பத்தடிச் சதுர அறைகள், பொதுத் தண்ணீர், திறந்த வடிகால், ஓரறையில் ஒரு குடும்பம், சில வேளைகளில் அதற்கு மேலும். நமது மலையகத்து லயங்களை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரே கங்காணி முறை, ஒரே கட்டட முறை, பல வேளைகளில் அதே கம்பனிகள். குழந்தைப் பருவத்திலே தொற்றும் ஒரு நுண்ணுயிர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதற்கு இதனினும் வாய்ப்பான ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. 1941 இல் கிளாங் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு முறையான மருத்துவ வசதியும் அவர்களது கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. தமது நோய்க்கும் தமது இருப்பிடத்துக்கும் உள்ள தொடர்பினை அத்தொழிலாளர் எந்த ஆய்வுரையும் வாசித்து அறியவில்லை. அரசு படையை அனுப்பி, சுட்டு, அப்போராட்டத்தை அடக்கியது.

இவ்விடத்திலே பழைய ஆய்வொன்றை நினைவுகூர்தல் பயனுடையது. 1915 முதல் 1917 வரை றொக்பெலர் நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று மலாயா, யாவா, பீஜி ஆகிய இடங்களிலே கொழுக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. அதன் தலைவர் ஸாமுவேல் டார்லிங். அன்றைய றொக்பெலர் மருத்துவத்துக்குத் தொழிலாளரின் உழைப்புத் திறனே முதன்மை அக்கறை. குருதி வற்றிய உடல் றப்பர் சீவாது. எனினும் டார்லிங் ஒரு நுட்பமான உண்மையைக் கண்டார். மனிதரைப் பற்றும் கொழுக்கிப்புழு இருவகைப்படும். அவ்விருவகையின் விகிதம் மக்கட் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுகிறது. புழுக்களின் விகிதத்தைக் கொண்டு மனிதரின் பழைய இடப்பெயர்வுகளை அறியலாம் என்று 1920 இல் அவர் எழுதினார். குடலின் ஒட்டுண்ணியை ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்கும் இக்கருத்து அக்காலத்திற் புதுமையானது.

எண்பது ஆண்டுகளின் பின் அதே கருத்து வேறோர் உயிரியைக் கொண்டு உறுதிபெற்றது. 2003 இல் டானியல் பலூஷும் பிறரும், ஹெலிக்கோபற்றரின் பரம்பரையலகு வேறுபாடுகள் மனிதக் குடிபெயர்வுகளின் தடங்களைச் சுமக்கின்றன என்று காட்டினர். 2009 இல் மலேசிய மூவினத்தாரிடமிருந்தும் பெற்ற பற்றீரியாக்கள் இம்முறையில் ஒப்பிடப்பட்டன. சீனரின் பற்றீரியா கிழக்காசியக் கிளையைச் சார்ந்திருந்தது. இந்தியருடையது இந்தியக் கிளையை. மலாயருக்கெனத் தனிக்கிளை எதுவும் காணப்படவில்லை. அவர்களிடமிருந்த பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை இந்தியக் கிளையையே சார்ந்திருந்தன. மலாயர் இத்தொற்றை அண்மைக் காலத்திலேயே, பெரிதும் இந்தியரிடமிருந்து பெற்றனர் என்பதே ஆய்வாளரின் முடிவு. கிளந்தானின் புதிரையும் இது ஓரளவு விடுவிக்கிறது.

இம்முடிவு தவறான கைகளிலே ஆபத்தானது. 'இந்தியர் நோயைக் கொண்டுவந்தனர்' என்று வாசிக்க அதிக நேரம் செல்லாது. வந்தேறிகள் என்ற சொல் அரசியல் மேடைகளில் இன்றும் ஒலிக்கும் நாடு அது. 'கள்ளத்தோணி' என்ற வசையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பொருள் விளங்கும். ஆகவே இரண்டு கேள்விகளை எழுப்புவோம். கப்பற் செலவைக் கொடுத்தவர் யார்? வந்த குடும்பத்தைப் பத்தடி அறையில் வைத்தவர் யார்? பற்றீரியா தமிழரின் இரைப்பையிற் பயணம் செய்தது உண்மை. பயணச்சீட்டு முதலாளிகளின் நிதியில் எழுதப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. மேலும், நிரல்களைப் பிரிக்கும் கோடுகளும் நாம் எண்ணுமளவுக்கு அழுத்தமானவையல்ல. பினாங்கில் தமிழ் முஸ்லிம்களும் மலாயரும் தலைமுறைகளாக மணவுறவு கொண்டு, ஒரு கணக்கெடுப்பில் ஒரு பெயரிலும் அடுத்ததில் வேறொரு பெயரிலும் பதிவாகி வந்திருக்கின்றனர். குடிசன மதிப்பாளர் கீறிய கோட்டைக் குடும்பங்கள் கடந்தன. குடும்பங்களோடு பற்றீரியாவும் கடந்தது.

இரண்டாவது வினா எஞ்சியுள்ளது. தொற்று மிகுந்த இந்தியரிடையே முன்னோடி மாற்றங்களும் புற்றுநோயும் ஏன் சீனரிலும் குறைவு? இங்கும் 'இனம்' என்ற விடை முதலிற் கைக்கு எட்டுகிறது. ஆனால் உள்ளே சென்றால் அது சிதறுகிறது. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகம் 1968 முதல் இயங்கி வருகிறது. இலங்கைத் தமிழ் மரபில் வந்த நோயியலாளர் கனகரத்தினம் சண்முகரத்தினம் (1921–2018) அதனை உருவாக்கியவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் 'சீனர்' என்ற ஒரே நிரலோடு அமையாது, கிளைமொழிக் குழுக்களாகவும் கணக்கைப் பிரித்துப் பார்த்தனர். ஹொக்கியன், தியோசூ பேசுவோரிடையே இரைப்பைப் புற்று கந்தோனியரிடையே காணப்பட்டதிலும் மிகுதியாக இருந்தது. மூக்கடித் தொண்டைப் புற்றோ கந்தோனியரிடையே மிகுதி. மலேசிய அட்டவணைகளில் ஒன்றாகத் தெரியும் நிரல், சிங்கப்பூரில் ஊரும் உணவும் வேறுபட்ட பல நிரல்களாகப் பிரிந்தது. 'இந்தியர்' நிரலை இவ்வாறு யாரும் பிரித்ததாக நாம் காணவில்லை. தோட்டத் தொழிலாளியின் பேரனும், புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவரின் பேரனும் அந்த நிரலில் அருகருகே நிற்கின்றனர். அவர்களின் பாட்டன்மார் ஒரே கிணற்றில் நீர் அள்ளியிருக்கமாட்டார்கள்.

உயிரியற் காரணங்களை நாம் புறக்கணிக்கவில்லை. கிழக்காசியப் பற்றீரியாக்கள் சுரக்கும் காக்-ஏ என்னும் புரதத்தின் அமைப்பு, மேற்கத்திய, இந்தியக் கிளைகளில் உள்ளதிலும் கலங்களைக் கடுமையாகத் தாக்குவது என்பது நிறுவப்பட்டுள்ளது. உப்பிட்டுப் பதப்படுத்திய மீனும் காய்கறியும் தீங்கினை மிகுவிக்கின்றன. குடற்புழுக்கள் நிறைந்த உடலில் அழற்சியின் தன்மை மாறுபடலாம் என்று சுண்டெலிகளில் 2000 இல் செய்யப்பட்ட பரிசோதனை காட்டியது. இது மெய்யாயின், தோட்டத் தமிழரைப் புற்றிலிருந்து ஓரளவு காத்தது டார்லிங் எண்ணிய அதே கொழுக்கிப்புழுவாகவும் இருக்கலாம். கசப்பான நகை. மஞ்சளும் பெருங்காயமும் நம்மைக் காத்தன என்று பெருமை பேசும் கட்டுரைகளும் உண்டு. அவற்றைச் சமையற் பகுதிக்கு விட்டுவிடலாம். பல பத்தாண்டுகள் கடந்து தோன்றும் ஒரு நோய், இளவயதிலே வேறு நோய்களால் இறந்தோரின் கணக்கில் ஏறாது என்பதையும் மறத்தலாகாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றோட்டமும் எத்தனை பேரை முதுமைக்கு விட்டுவைத்தன?

கொறெயாவின் சொந்த நாட்டு அனுபவம் இங்கு ஒளி தருகிறது. கொலம்பியாவின் நரினோ மாநிலத்தில் மலைவாழ் மக்களும் பசிபிக் கரையோர மக்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தொற்றுக்கு ஆளானவர்கள். புற்றுநோயோ மலையில் மிக அதிகம், கரையில் மிகக் குறைவு. 2014 இல் வெளிவந்த ஆய்வு இதற்கொரு விளக்கம் தந்தது. கரையோரத்தார் பெரிதும் ஆபிரிக்க வழியினர். அவர்களது பற்றீரியாவும் பெரிதும் அவ்வழியினதே. மலைவாழ் அமெரிக்க ஆதிக்குடியினரின் உடல்களிலோ கடல்கடந்து வந்த பற்றீரியாக்கள் குடிகொண்டுள்ளன. நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து பழகாத உடலும் பற்றீரியாவும் சேரும்போதே சிதைவு கடுமையாகிறது. அடிமைக் கப்பலும் ஸ்பானிய வெற்றியும் இரைப்பைச் சுவர்வரை சென்றுள்ளன. தனி ஓர் இனத்தையோ தனி ஒரு கிருமியையோ நோக்கினால் இது புலப்படாது. இரண்டும் எந்த வரலாற்றுச் சூழலிற் சந்தித்தன என்பதே வினா. பற்றீரியாவும் தாமும் ஒருங்கே புலம்பெயர்ந்த மலாயாத் தமிழருக்கு இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராயும் வேலை மருத்துவருடையது.

நிலைமை மாறி வருகிறது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்து அகநோக்கிப் பரிசோதனை செய்துகொண்டோருள், 1989–90 இல் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் தொற்று இருந்தது; 2009–10 இல் நூற்றுக்கு 11 பேரிடமே காணப்பட்டது. எந்த இனத்தின் இரத்தமும் இருபது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. வீடும் நீரும் பிள்ளைகளின் தொகையும் மாறின, மருந்தும் கிடைத்தது. இதற்கிடையே தோட்டங்கள் பல வீடமைப்புக்காகவும் எண்ணெய்ப் பனைக்காகவும் கைமாறின. லயத்துக் குடும்பங்கள் நகர ஓரத்துக் குடிசைகளுக்கும் மலிவு விலை மாடிக் குடியிருப்புக்களுக்கும் பெயர்ந்தன. 'இந்தியருக்குப் புற்று அபாயம் குறைவு' என்னும் பொதுவிதி, அக்குடியிருப்புக்களிலிருந்து வயிற்று வலியோடு வரும் முதியவரைப் பிந்திய வரிசையில் நிறுத்துமாயின், குடிசன மதிப்பாளரின் தலைப்பு மீண்டுமொரு முறை தீங்கு செய்ததாகும். மருத்துவமனைப் படிவத்தில் இனத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பிறந்த தோட்டம், ஐந்து வயதில் வாழ்ந்த அறையில் உறங்கியோர் தொகை, அன்று குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்பவற்றையும் அதன் அருகே கேட்டுப் பதிவு செய்யலாம். இலண்டனில் 1992 இல் கேட்கப்பட்டவை ஏறத்தாழ இவ்வகைக் கேள்விகளே. அவ்வாறு திரட்டப்படின், 'இந்தியர்' நிரல் குறைந்தது இரண்டாகவேனும் பிரியும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.